டிராக்டர் கிளட்ச் நழுவுகிறதா? பிரிக்கும் முன் காரணத்தைக் கண்டறிய வேண்டும்

வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் வட்டாரங்களில் மானாவாரி நிலக்கடலை விதைப்புக்கு ஆனி, ஆடி மாதங்களில் கிடைக்கும் ஈரம் சில நாட்களே நிற்கும். அந்த ஈரம் காய்வதற்குள் உழவை முடித்து விதைத்துவிட வேண்டும். தோல் பதனிடும் ஆலைகளுக்கும் காலணித் தொழிற்சாலைகளுக்கும் கிராமத்து ஆட்கள் வேலைக்குச் செல்லும் பகுதி இது. உழவு மாடுகளும் குறைந்துவிட்டன. எனவே பட்டம் தவறாமல் விதைப்பது பெரும்பாலும் டிராக்டரை நம்பியே இருக்கிறது. புதிய டிராக்டர் வாங்க வசதியில்லாத சிறு விவசாயிகள் பழைய டிராக்டரை வாங்கியோ, மணிக்கணக்கில் வாடகைக்கு அமர்த்தியோ உழவு செய்கின்றனர்.

பழைய டிராக்டர்களில் உழவின் நடுவே தலைகாட்டும் கோளாறுகளில் முக்கியமானது கிளட்ச் நழுவுவது. பட்டறைகளில் இதைக் ‘கிளட்ச் ஸ்லிப் அடிக்கிறது’ என்பார்கள். என்ஜின் இரைகிறது, கலப்பை மண்ணில் இறங்கியதும் வண்டி நகர மறுக்கிறது. உடனே ‘பிளேட் போய்விட்டது, டிராக்டரைப் பிரிக்க வேண்டும்’ என்ற முடிவுக்கு வந்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. ஆனால் நழுவும் கிளட்ச் எல்லாம் தேய்ந்த கிளட்ச் அல்ல. ஒரு நட்டைத் திருகிச் சரி செய்யக்கூடிய கோளாறுக்காக டிராக்டரைப் பிரித்துச் செலவு செய்வோர் உண்டு. ஆயில் சீல் ஒழுகுவதைக் கவனிக்காமல் புதிய பிளேட்டைப் போட்டு, சில மாதங்களிலேயே அதையும் இழப்போரும் உண்டு. இரண்டு நட்டத்தையும் தவிர்க்க வழி ஒன்றுதான். பிரிப்பதற்கு முன்பே காரணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிளட்ச் வேலை செய்யும் விதம்

என்ஜினின் பின்புறம் கனமான பிளைவீல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை ஒட்டிக் கிளட்ச் பிளேட் என்னும் வட்டத் தட்டு இருக்கிறது. இத்தட்டின் இரு முகங்களிலும் உராய்வுப் பொருளாலான லைனிங் ரிவிட் அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். தட்டின் நடுத்துளை, கியர் பாக்ஸிலிருந்து வரும் ஷாப்டின் பற்களில் கோத்திருக்கும். தட்டுக்குப் பின்னால் பிரஷர் பிளேட் இருக்கிறது. அதிலுள்ள வலுவான ஸ்பிரிங்குகள் கிளட்ச் பிளேட்டைப் பிளைவீலோடு சேர்த்து அழுத்துகின்றன. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் ஒரு தட்டை இறுகப் பிடிப்பது போன்றது இது. பிடி இறுகியிருக்கும் வரை என்ஜினின் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போய்ச் சேரும்.

பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் முன்னால் நகர்ந்து, பிரஷர் பிளேட்டில் உள்ள பிங்கர்களை அழுத்தும். உடனே பிரஷர் பிளேட் விலகி, பிடி தளரும். பெடலை விட்டால் மீண்டும் பிடி இறுகும்.

இந்தப் பிடி மூன்று வழிகளில் கெடலாம். பெடல் முழுவதும் திரும்பி வராமல், அழுத்தம் முழுமையாகக் கிடைக்காமல் போகலாம். அழுத்தம் சரியாக இருந்தும் லைனிங்கில் எண்ணெய் பட்டு உராய்வு குறையலாம். லைனிங் தேய்ந்தோ, ஸ்பிரிங்குகள் தளர்ந்தோ போகலாம். முதல் கோளாறுக்கு டிராக்டரைப் பிரிக்க வேண்டியதே இல்லை. மற்ற இரண்டுக்கும் பிரித்தாக வேண்டும்.

நழுவுவது கிளட்ச்தானா?

டிராக்டர் இழுக்காமல் நிற்பதற்குக் கிளட்ச் மட்டும் காரணமாக இருப்பதில்லை. என்ஜின் வலுவிழந்தாலும் இழுக்காது. டயர் வழுக்கினாலும் வண்டி நகராது. மூன்றையும் பிரித்தறிவது எளிது.

பளு ஏறும்போது என்ஜின் சத்தம் அடங்கி, கரும்புகை கக்கி, நின்றுவிடப் பார்த்தால் கோளாறு என்ஜினில் இருக்கிறது. ஏர் பில்டர், டீசல் பில்டர், இன்ஜெக்டர் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். பளுவின் கீழ் என்ஜின் சுற்று குறைகிறது என்றாலே கிளட்ச் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

என்ஜின் இரைய, பின்சக்கரங்களும் சுற்ற, வண்டி மட்டும் நகராவிட்டால் அது டயர் வழுக்கல். பாலாற்று மணலில் இறங்கும் வண்டிகளிலும் சேற்றுழவிலும் இதைக் காணலாம். டயரின் பட்டைகள் தேய்ந்திருப்பதும், பின்புறம் எடை போதாமையும் இதற்குக் காரணமாகும்.

என்ஜின் சத்தம் ஏறுகிறது, ஆனால் பின்சக்கரம் அதற்கேற்பச் சுற்றாமல் மெதுவாகிறது அல்லது நின்றே விடுகிறது என்றால், அதுதான் கிளட்ச் நழுவல். பாரம் ஏற்றிய டிரெய்லருடன் மேட்டில் ஏறும்போதும், கொக்கிக் கலப்பையை ஆழமாக இறக்கும்போதும் இது முதலில் தெரியவரும். வெறும் வண்டியாகச் சாலையில் ஓடும்போது தெரியாமல் போகலாம். நழுவல் முற்றினால் கருகிய நாற்றம் வரும். கிளட்ச் கூட்டின் அடியிலிருந்து புகையும் வரலாம். இந்த நிலையில் மேலும் உழுதால் லைனிங்கோடு பிளைவீலும் சூடேறிக் கெடும்.

நிறுத்தி வைத்துச் செய்யும் சோதனை

ஐயம் இருந்தால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சமதரையில் டிராக்டரை நிறுத்தி, டிரெய்லரையும் கருவிகளையும் கழற்றிவிட வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் பெரிய கற்களை அண்டை கொடுக்க வேண்டும். இரண்டு பிரேக் பெடல்களையும் கொண்டியால் இணைத்து அழுத்திப் பூட்ட வேண்டும். டிராக்டருக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. பழைய வண்டிகளில் பிரேக் பலவீனமாக இருக்கும் என்பதால் இந்த எச்சரிக்கை மிக அவசியம்.

பிறகு என்ஜினை மிதமான வேகத்தில் ஓடவிட்டு, உயர்ந்த கியரைப் போட்டு, கிளட்ச் பெடலைச் சீராக விட வேண்டும். கிளட்ச் நல்ல நிலையில் இருந்தால் என்ஜின் திணறி உடனே நின்றுவிடும். பெடலை முழுவதும் விட்ட பிறகும் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் நழுவுகிறது என்பது உறுதி. அப்போது தாமதிக்காமல் பெடலை மிதித்துக் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். இந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யக் கூடாது. ஒவ்வொரு முறையும் லைனிங் சூடேறித் தேயும்.

முதல் காரணம்: பெடலில் பிளே இல்லாமை

கிளட்ச் பெடலைக் கையால் அழுத்தினால் முதலில் கொஞ்ச தூரம் எதிர்ப்பில்லாமல் இறங்க வேண்டும். அதன் பிறகே ஸ்பிரிங்கின் கனம் தெரிய வேண்டும். இந்த வெற்று ஓட்டத்தைத்தான் பிரீ பிளே அல்லது வெறுமனே ‘பிளே’ என்கிறார்கள். பல டிராக்டர்களில் இது 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருக்கும். மாடலுக்கு மாடல் மாறுவதால் அந்தந்த டிராக்டரின் கையேட்டில் கொடுக்கப்பட்ட அளவே சரியானது. என்ஜினை நிறுத்திவிட்டு, பெடலுக்குப் பக்கத்தில் அளவுகோலை நிறுத்தி, கையால் அழுத்தி அளந்து பார்க்கலாம்.

இங்கே பலரும் தவறாக எண்ணும் ஒரு செய்தி உண்டு. பிளேட் தேயத் தேயப் பெடலில் பிளே கூடும் என்று நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. லைனிங் தேய்ந்து மெலியும்போது பிரஷர் பிளேட் பிளைவீல் பக்கம் நகர்கிறது. அதனால் பிங்கர்களின் நுனி ரிலீஸ் பேரிங்கை நோக்கிப் பின்னால் வருகிறது. இடைவெளி சுருங்கிப் பிளே குறைகிறது. அதைச் சரி செய்யாமல் விட்டால் ஒரு நாள் பிளே முற்றிலும் இல்லாமல் போகும். அப்போது யாரும் பெடலை மிதிக்காவிட்டாலும் பேரிங் பிங்கர்களை அழுத்திக்கொண்டே இருக்கும். பிடி தளர்ந்து கிளட்ச் நழுவும். ஓயாமல் சுற்றுவதால் ரிலீஸ் பேரிங்கும் வீணாகும்.

பிளே குறைந்திருந்தால், பெடலுக்கும் கிளட்ச் போர்க்குக்கும் இடையே உள்ள இணைப்புக் கம்பியின் லாக் நட்டைத் தளர்த்தி, பிளே கூடும் திசையில் திருகி, உரிய அளவுக்குக் கொண்டுவந்து, மீண்டும் லாக் நட்டை இறுக்க வேண்டும். பின்னர் என்ஜினை ஓடவிட்டு, பெடலை மிதித்துக் கியர் போட்டுப் பார்க்க வேண்டும். கரகரவென்ற சத்தமில்லாமல் கியர் விழ வேண்டும். சத்தம் வந்தால் பிளே அளவுக்கு மீறிவிட்டது என்று கொள்ளலாம்.

அதே நேரத்தில் பெடலின் திரும்பு ஸ்பிரிங் அறுந்திருக்கிறதா, பெடல் ஷாப்ட் துருவேறி இறுகியிருக்கிறதா, சேற்றுழவின் மண் பெடலடியில் காய்ந்து அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இவற்றில் எதுவானாலும் பெடல் முழுவதும் மேலே வராது. மண்ணைத் துடைத்துக் கிரீஸ் வைத்தாலே கிளட்ச் பிடித்துவிடுவதும் உண்டு.

திருகு முழுவதும் தீர்ந்த பிறகும் பிளே கிடைக்காவிட்டால் லைனிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். பிளே சரியாக இருந்தும் சோதனையில் நழுவினால் அடுத்த காரணத்தைத் தேட வேண்டும்.

இரண்டாவது காரணம்: லைனிங்கில் எண்ணெய்

கிளட்ச் கூட்டின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். பல டிராக்டர்களில் அதில் ஒரு பின் தொங்கிக்கொண்டிருக்கும். உள்ளே எண்ணெயோ நீரோ சேர்ந்தால் வெளியேற விடப்பட்ட வழி அது. சேற்றுழவின்போது அத்துளையை அடைத்தவர்கள் வேலை முடிந்ததும் அடைப்பை எடுத்துவிட வேண்டும். அதை மறந்துவிட்டால் உள்ளே சேரும் எண்ணெய் வெளியே தெரியாமல் பிளேட்டை நனைக்கும்.

துளையில் எண்ணெய் கசிந்தால் அதை ஒரு வெள்ளைத் துணியில் தொட்டுப் பார்க்க வேண்டும். கறுப்பாக இருந்தால் என்ஜின் ஆயில். கிராங்க் ஷாப்டின் பின் சீல் ஒழுகுகிறது என்று அறியலாம். பழுப்பு நிறத்தில் கெட்டியாக, கந்தக வாடையுடன் இருந்தால் கியர் ஆயில். கியர் பாக்ஸின் முன் சீல் ஒழுகுகிறது. இதைக் குறித்து வைத்துக்கொண்டால் பிரிக்கும்போது எந்தச் சீலை மாற்ற வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். அளவுக்கு மேல் ஆயில் ஊற்றியிருப்பதும், பிரீதர் எனப்படும் மூச்சுக்குழாய் அழுக்கேறி அடைத்திருப்பதும் நல்ல சீலைக்கூட ஒழுக வைக்கும். ஆகவே அளவுக் கம்பியையும் மூச்சுக்குழாயையும் பார்த்துவிடுவது நல்லது.

எண்ணெய் குடித்த பிளேட்டைப் பெட்ரோலில் கழுவியோ, நெருப்பில் வாட்டியோ மீண்டும் போடுவது பயன் தராது. தொடக்க காலக் கார்களில் கிளட்ச் கூம்பு வடிவில் இருந்தது. அதன் மேல் உராய்வுக்காகத் தோலையே பொருத்தியிருந்தார்கள். தோல் காய்ந்தால் வெடுக்கென்று பிடித்து வண்டி துள்ளும். அதற்காக மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கும் எண்ணெயைத் தடவுவார்கள். எண்ணெய் மிகுந்தால் கிளட்ச் நழுவும். அப்போது எண்ணெயை உறிஞ்சும் மண் தூளைத் தூவிச் சமாளிப்பார்கள். தோல் எப்படி எண்ணெயை உறிஞ்சும் என்பதை ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியினருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்றைய லைனிங் தோலால் ஆனதல்ல. ஆனால் எண்ணெயை உள்ளுக்குள் இழுத்து வைத்துக்கொள்வதில் இரண்டும் ஒன்றுதான். மேலே துடைத்தாலும், சூடேறும்போது உள்ளிருக்கும் எண்ணெய் மீண்டும் வெளியே வரும். பழைய காலம்போல மண் தூளோ குங்கிலியத் தூளோ தூவினால் பிளைவீல் முகமும் பேரிங்கும் கெடும். எண்ணெய் பட்ட பிளேட்டை மாற்றுவதே முறை. அதற்கு முன் ஒழுகும் சீலை மாற்றியாக வேண்டும்.

மூன்றாவது காரணம்: தேய்மானம்

பிளேயும் சரி, எண்ணெயும் இல்லை என்றால், லைனிங் தேய்ந்திருக்கும் அல்லது பிரஷர் பிளேட் ஸ்பிரிங்குகள் சூட்டினால் தளர்ந்திருக்கும். பிரித்துப் பார்க்கும்போது ரிவிட் தலைகள் லைனிங்கின் மேற்பரப்பை நெருங்கியிருந்தால் பிளேட்டை மாற்ற வேண்டும். ரிவிட் வெளியே வந்த பிறகும் ஓட்டினால் அது பிளைவீலில் வட்ட வட்டமாகக் கோடு கிழிக்கும். அப்போது பிளேட்டோடு நிற்க வேண்டிய செலவு லேத் பட்டறை வரை போகும்.

இரட்டை கிளட்ச் உள்ள டிராக்டர்கள்

1956ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரில் பெர்குசன் 35 டிராக்டர் வெளிவந்தது. பின்னர் அது மாசே பெர்குசன் 35 ஆயிற்று. 1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் மாசே பெர்குசன் டிராக்டர்களை இங்கே தயாரித்தது. அந்த 35இன் வழியில் வந்ததே தமிழக விவசாயிகளுக்கு நன்கு பழக்கமான 1035. இந்த வரிசையில் ஒற்றை கிளட்ச் உள்ளவையும் இரட்டை கிளட்ச் உள்ளவையும் உண்டு.

இரட்டை கிளட்சில் இரண்டு பிளேட்டுகள் இருக்கும். ஒன்று சக்கரங்களுக்கு, மற்றொன்று பி.டி.ஓ. ஷாப்டுக்கு. பெடலைப் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், பி.டி.ஓ. தொடர்ந்து சுற்றும். முழுவதும் மிதித்தால் பி.டி.ஓ.வும் நிற்கும். எனவே எந்தப் பிளேட் நழுவுகிறது என்று தனித்தனியே பார்க்க வேண்டும். டிரெய்லரை நன்றாக இழுத்து, ரொட்டவேட்டரையோ கதிரடிக்கும் இயந்திரத்தையோ மாட்டினால் மட்டும் திணறினால் பி.டி.ஓ. பக்கத்துப் பிளேட்டை ஐயப்படலாம். பிங்கர்களின் அமைப்பு இதில் நுட்பமானது. கையேட்டின் அளவு தெரிந்த மெக்கானிக்கிடமே கொடுப்பது நல்லது.

டிராக்டரைப் பிரிக்கும்போது

காரில் கியர் பாக்ஸை மட்டும் கீழே இறக்கிக் கிளட்சைக் கழற்றிவிடலாம். டிராக்டரில் அப்படிச் செய்ய இயலாது. 1917இல் அமெரிக்காவில் வெளிவந்த போர்ட்சன் டிராக்டரில் என்ஜின், கியர் பாக்ஸ், பின் அச்சுக் கூடு ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைத்து, அவற்றையே வண்டியின் முதுகெலும்பாக ஆக்கினர். சாசி தனியாக இல்லை. இன்றைய டிராக்டர்களில் பெரும்பாலானவையும் அவ்வழியில் அமைந்தவையே. ஆகவே கிளட்சைப் பார்க்க வேண்டுமானால் டிராக்டரையே நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

இது மரத்தடி மண் தரையில் செய்யும் வேலை அல்ல. சமமான சிமெண்டுத் தரையும், இரு பாதிகளையும் தாங்கும் உறுதியான ஸ்டாண்டுகளும் தேவை. முன் அச்சு நடுவில் உள்ள ஒரே பின்னில் ஆடும்படி அமைந்தது. வண்டியைப் பிரித்ததும் என்ஜின் பாதி பக்கவாட்டில் சாய்ந்துவிடும். இதைத் தடுக்க அச்சுக்கும் அதன் தாங்கிக்கும் இடையே இரு பக்கமும் மர ஆப்புகளை அடித்து இறுக்கிய பிறகே போல்ட்டுகளைத் தொட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. பேட்டரி இணைப்பை முதலில் கழற்ற வேண்டும். பிறகு ஸ்டியரிங் கம்பி, டீசல் குழாய், ஒயர்கள், ஆக்ஸிலேட்டர் கம்பி ஆகியவற்றை அடையாளம் வைத்துக் கழற்ற வேண்டும்.

கிளட்ச் கூட்டுக்குள் படிந்திருக்கும் தூளைக் காற்றடித்தோ வாயால் ஊதியோ அகற்றக் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அதன் நுண்ணிய இழைகள் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுத்து, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயையும் உண்டாக்கும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, ஈரத் துணியால் துடைத்தெடுத்து, அந்தத் துணியை ஒரு பையில் கட்டி அகற்ற வேண்டும். அருகில் குழந்தைகள் இருக்கக் கூடாது.

பிரஷர் பிளேட் போல்ட்டுகளை ஒரே பக்கமாகக் கழற்றாமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். பிரித்த பிறகு டிராக்டர் உரிமையாளர் பக்கத்தில் நின்று கீழ்க்கண்டவற்றைப் பார்ப்பது நல்லது.

பிளைவீல் முகம்: நீலம் பாரித்த இடங்கள், மயிரிழை வெடிப்புகள், கோடுகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். லேசான கோடுகளை லேத்தில் கடைந்து சரி செய்யலாம். ஆழமான வெடிப்பு இருந்தால் பிளைவீலை மாற்ற வேண்டும்.

பிரஷர் பிளேட்: ஸ்பிரிங்குகள் சூட்டினால் நிறம் மாறியிருந்தாலோ, பிங்கர் நுனிகள் தேய்ந்திருந்தாலோ மாற்ற வேண்டும்.

பேரிங்குகள்: ரிலீஸ் பேரிங்கையும், பிளைவீலின் நடுவில் உள்ள பைலட் பேரிங்கையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கரகரத்தால் மாற்ற வேண்டும். கிரீஸ் அடைத்து மூடிய ரிலீஸ் பேரிங்கை மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவக் கூடாது. உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்து பேரிங் விரைவில் கெடும்.

ஆயில் சீல்கள்: ஒழுகும் சீலை மட்டுமின்றி, வண்டி பிரிந்திருக்கும்போதே இரண்டு சீல்களையும் மாற்றிவிடுவது சிக்கனம். சீலின் விலையைவிட மறுபடியும் பிரிக்கும் கூலி அதிகம்.

புதிய பிளேட் வாங்கப் போகும்போது பழைய பிளேட்டைக் கையில் எடுத்துச் செல்ல வேண்டும். விட்டமும் நடுத்துளைப் பற்களின் எண்ணிக்கையும் ஒத்திருக்கின்றனவா என்று கடையிலேயே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய பிளேட்டுக்கே புது லைனிங் அடித்து வாங்குவதானால், நடுப்பகுதியின் ஸ்பிரிங்குகளும் பற்களும் தளராமல் இருக்க வேண்டும்.

பிளேட்டைப் பொருத்தும்போது பிளைவீல் பக்கம் எது, கியர் பாக்ஸ் பக்கம் எது என்று பார்த்து வைக்க வேண்டும். திருப்பி வைத்தால் நடுப்பகுதி பிளைவீலில் இடிக்கும். எண்ணெய்க் கையோடு லைனிங்கைத் தொடக் கூடாது. டம்மி ஷாப்ட் கொண்டு பிளேட்டைச் சரியாக நடுவில் நிறுத்தி, அதன் பிறகே போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்க வேண்டும். எல்லாப் பிங்கர்களும் ஒரே உயரத்தில், கையேட்டில் சொன்ன அளவில் இருக்க வேண்டும். ஒன்று உயர்ந்து ஒன்று தாழ்ந்திருந்தால் கிளட்ச் அதிரும். ஷாப்டின் பற்களில் மிக மெல்லியதாகக் கிரீஸ் தடவினால் போதும். மிஞ்சினால் அது லைனிங்கில் தெறிக்கும்.

இரு பாதிகளையும் சேர்க்கும்போது ஷாப்ட் பிளேட்டின் துளைக்குள் தானாக வழுக்கிச் செல்ல வேண்டும். கூடுகள் ஒட்டாத நிலையில் போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்க்கக் கூடாது. அப்படிச் செய்தால் புதிய பிளேட்டின் நடுப்பகுதி வளையும்; கூடும் வெடிக்கலாம். பிளைவீலைச் சிறிது சுற்றிப் பற்களைப் பொருத்தி, மெல்லத் தள்ள வேண்டும். சேர்த்து முடித்ததும் பெடல் பிளேயைப் புதிதாக அமைக்க வேண்டும். பழைய அளவில் அப்படியே விட்டுவிடக் கூடாது.

புதிய பிளேட் நீடிக்க

புதிய லைனிங் பிளைவீல் முகத்தோடு பழகும் வரை, முதல் சில நாட்களுக்கு இலேசான வேலைகளையே கொடுக்க வேண்டும். எடுத்த எடுப்பில் பாரம் ஏற்றிய டிரெய்லரை மாட்டக் கூடாது. சில நாட்களில் லைனிங் படிந்து பிளே மாறும் என்பதால் மறுபடியும் அளந்து சரி செய்ய வேண்டும். அதன் பின்னரும் அவ்வப்போது, முக்கியமாக ஒவ்வொரு பட்டத்துக்கு முன்னும் பிளேயை அளந்து பார்ப்பது அவசியம்.

ஓட்டுநரின் கால்தான் கிளட்சின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. பெடலின் மேல் காலை வைத்துக்கொண்டே உழுவது, மேட்டில் பிரேக் போடாமல் பாதி கிளட்சில் வண்டியை நிறுத்தி வைப்பது, உயர்ந்த கியரில் பாரத்தோடு கிளப்புவது, கியரைக் குறைக்காமல் கிளட்சை மிதித்து விட்டுப் பளுவைச் சமாளிப்பது ஆகிய பழக்கங்கள் நல்ல பிளேட்டையும் கருக்கிவிடும். கரும்பு வெட்டும் காலத்தில் ஒரே நடையில் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று டிரெய்லரில் அளவுக்கு மீறி ஏற்றுவதும் அப்படித்தான். வயலிலிருந்து வரப்பேறிச் சாலைக்கு வரும் அந்தச் சில அடி தூரத்தில்தான் கிளட்ச் அதிகம் அடிபடுகிறது. அந்த இடத்தில் மண்ணைச் சரித்துச் சாய்வாக வழி அமைத்துவிட்டால் கிளட்சும் பிழைக்கும், டயரும் பிழைக்கும்.

பழைய டிராக்டர் வாங்குவோர் கவனத்துக்கு

பழைய டிராக்டர் வாங்கும்போது பெயிண்டையும் டயரையும் பார்ப்பவர்கள் கிளட்சைப் பார்ப்பதில்லை. பெடல் பிளேயை அளந்து, இணைப்புக் கம்பியில் திருகுவதற்கு இன்னும் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திருகு கடைசி வரை போயிருந்தால் பிளேட்டின் ஆயுள் முடியப் போகிறது. கூட்டின் அடித்துளையில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா, யாரேனும் துளையை அடைத்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். கலப்பையை மாட்டி வயலில் ஒரு சால் ஓட்டச் சொல்லிப் பார்ப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. குறை தெரிந்தால் டிராக்டரைப் பிரிக்கும் செலவையும் கணக்கில் சேர்த்து விலை பேசலாம்.

மணிக்கணக்கில் வாடகை கொடுப்போருக்கும் இது பொருந்தும். கிளட்ச் நழுவும் டிராக்டர் ஒரு மணி நேரத்தில் முடிக்க வேண்டிய உழவை இழுத்துக்கொண்டே போகும். ஆழமும் கிடைக்காது. கூடுதல் நேரத்துக்கான பணம் நிலத்துக்காரரிடமிருந்து போகிறது. என்ஜின் இரைந்தும் சக்கரம் தயங்குவதைக் கண்டால், கலப்பையைத் தூக்கச் சொல்லி நிறுத்திவிடுவதே இருவருக்கும் நல்லது.

கிளட்ச் ஒரே நாளில் கெடுவதில்லை. பிளே குறைவது, அடித்துளையில் எண்ணெய் ஈரம், மேட்டில் என்ஜின் சத்தம் ஏறுவது என்று முன்கூட்டியே அடையாளம் காட்டுகிறது. அவற்றைப் பங்குனி, சித்திரையில் வேலை குறைவான நாட்களில் கண்டுகொண்டால் நிதானமாகப் பிரித்து, நல்ல உதிரிபாகம் தேடிப் போடலாம். ஆடியில் ஈரம் காய்ந்துகொண்டிருக்கும்போது கண்டுபிடித்தால் கிடைத்த பிளேட்டைக் கேட்ட விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். சொந்த டிராக்டர் பட்டறையில் நிற்கும் நாட்களில் உழவு தடைப்படாதிருக்க, வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டருக்கு உழவன் செயலியில் பதிவு செய்துகொள்ளலாம். பட்டத்தின்போது பலரும் கேட்பார்கள் என்பதால் முன்கூட்டியே பதிவு செய்வது நல்லது.

அடுத்த உழவுக்கு முன் ஒவ்வொரு டிராக்டர் உரிமையாளரும் செய்ய வேண்டியவை இரண்டு. பெடலைக் கையால் அழுத்திப் பிளேயை அளக்க வேண்டும். கிளட்ச் கூட்டின் அடித்துளையில் வெள்ளைத் துணியால் தொட்டுப் பார்க்க வேண்டும். இவை இரண்டுக்கும் சிறிது நேரம் போதும். செலவு ஏதும் இல்லை.